கடைசியாகத் தொட்ட கை

பந்து குளத்துக்கு நடுவில் மிதந்துகொண்டிருந்தது. கரையில் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். மில் டீம்காரர்கள் நாலைந்து பேர் எங்கள் டீம் சிவதாணு அண்ணாச்சியின் பனியனைக் கொத்தாகப் பிடித்து, "இவன் கைதான், இவன் கைதான்" என்று ரெஃபரியிடம் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் செம்மண்ணில் குப்புறக் கிடந்தேன். எழுந்து, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு, "இல்லை ஸார், அவர் தொடவே இல்லை ஸார்" என்று கத்தினேன்.

"பின்னே ஆரு தொட்டது?" என்று ரெஃபரி என்னைப் பார்த்தார். கோர்ட்டின் அந்தக் கோடியில் நின்றிருந்தவர் அவர். "ஞான் கண்டில்லா" என்று அதற்குள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்.

நான் கையை நீட்டிக் காட்டினேன். நீட்டிய விரலுக்கு நேரே மில் டீம் காப்டன் ஸ்ரீகண்டன் நின்றுகொண்டிருந்தான். என் அண்ணா. கூடப்பிறந்த அண்ணா.

கூச்சல் அப்படியே அடங்கிப்போய்விட்டது. பின்னாலிருந்து ஒருத்தன் மட்டும், "கொள்ளாம், பட்டன்மார் தம்மில் தல்லு!" என்று சிரித்தான். தமிழ்ப் பட்டர்கள் நாங்கள் எங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வது அவனுக்கு வேடிக்கை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பட்டாபி மாமா வந்தார். லீக்கின் செக்ரட்டரி. எங்கள் தெருக்காரர். கவர்ன்மெண்ட் ஆபீஸில் பெரிய வேலை. வேஷ்டியின் தலைப்பால் என் முகத்தை மெதுவாகத் துடைத்துவிட்டார்.

"கல்யாணராமா, நீ விழுந்து கிடந்தாய். கண்ணுல மண்ணு. நீ என்னத்தைப் பார்த்திருக்கப் போறாய்?"

"கண்ணுல மண்ணில்லை மாமா. வாயிலதான்."

சிலர் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"வெறுதே சொன்னா கணக்கில்லை. குளத்து வெள்ளத்தைத் தொட்டுச் சொல்லணும். தெரியுமோல்லியோ?"

"தொட்டே சொல்றேன்" என்று நான் படியில் இறங்கினேன். அவர் என் புஜத்தைப் பிடித்து இழுத்தார். மெதுவெல்லாம் போய்விட்டது.

"தோல் விழுந்த வெள்ளம்டா அது! அசுத்தமான வெள்ளத்தைத் தொட்டுச் சொன்னா அது சத்தியமாகுமா? நாளைக்குக் காலம்பற புண்யாகம் பண்ணிச் சுத்தம் ஆகட்டும். அப்புறம் வந்து சொல்லு. ராத்திரி பூரா இருக்கு. நன்னா ஆலோசி."

ஆலோசிக்க என்ன இருக்கிறது? கேட்டார்கள், சொன்னேன். சொன்ன பதில் பிடிக்கவில்லை. அதனால் வேறு பதிலோடு வா என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவ்வளவுதான் நடந்தது.

இப்போது வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், அல்லது தூங்குகிற மாதிரி கிடக்கிறார்கள். அண்ணா பக்கத்துப் பாயில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பயமாக இருக்கிறது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் லீக்கைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பந்து தண்ணீரில் விழுந்ததற்கா இவ்வளவு ரகளை என்று நீங்களும் சிரிப்பீர்கள். திருவனந்தபுரத்தில் பாஸ்கெட்பால் என்றால் எல்லோருக்கும் முதல் டிவிஷன்தான். சிமெண்ட் தரை, மின்சார விளக்கு, மறுநாள் பத்திரிகையில் பெயர். காலேஜ்களும் பெரிய ஆபீஸ்களும் அங்கே இடத்தைப் பிடித்துக்கொண்டன. மிஞ்சிய கடைக்காரர்களும் மில்காரர்களும் பஸ் டிப்போக்காரர்களும் சேர்ந்து நாற்பத்தொன்பதில் தொடங்கியதுதான் இரண்டாம் டிவிஷன். இதில் யாரும் சும்மா ஆடுவதில்லை. ஆட்டத்துக்காக வேலை, வேலைக்காக ஆட்டம். சாலைக் கம்போளம் என்கிற எங்கள் கடைவீதியில் மூட்டை நிறுக்க ஆள் எடுக்கும்போதே முதலாளி தலையிலிருந்து கால்வரை பார்ப்பார். எவ்வளவு உயரம், எம்பினால் எதுவரை எட்டும் என்று. ஆடுகிறவரைக்கும் தராசு உண்டு. ஆட்டம் நின்றால் தராசும் போச்சு. நானும் அப்படிச் சேர்ந்தவன்தான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் திரவியம் பிள்ளையின் மிளகாய் மண்டியில் இங்கிலீஷ் கடிதம் எழுத எடுத்தார்கள். என் இங்கிலீஷுக்காக எடுக்கவில்லை. ஓடுகிற ஓட்டத்துக்காக.

லீக் தொடங்கியபோது ஆட இடம் இல்லை. எங்கள் அக்கிரகாரத்துக்குப் பின்னால், குளத்தங்கரையில் வறட்டி காய்கிற ஒரு செம்மண் திடல் கிடந்தது. கோவில்காரர்கள் அதைக் கொடுத்தார்கள், ஒரே ஒரு நிபந்தனையோடு. பந்து மாட்டுத்தோல். குளம், பூஜைக்குப் போகிறவர்கள் முங்கிக் குளிக்கிற குளம். தோல் தண்ணீரில் படக் கூடாது. பட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. கடைசியாகத் தொட்ட கை எந்த டீமுடையதோ அந்த டீம் தோற்றது. அந்தக் கைக்காரன் ஆயுசுக்கும் இந்த லீக்கில் ஆடக் கூடாது.

முதல் வருஷமே பஸ் டிப்போ டீமின் ஆள் ஒருத்தன் இப்படிப் போனான். பாவம், அவன் பந்தைப் பிடிக்கத்தான் பார்த்தான். அதற்குப் பிறகு குளத்துப் பக்கம் கயிற்று வலை கட்டினார்கள். ஒவ்வொரு ஐப்பசித் துலாமழையிலும் அது இற்றுப்போகும், ஓட்டை விழும், யாரும் கட்ட மாட்டார்கள். ஏன் என்றால் அந்த ஓட்டையே ஒரு ஆயுதமாகிவிட்டது. தோற்கிற டீம் கடைசி நேரத்தில் பந்தை எதிராளியின் முழங்காலில் அடித்துக் குளத்துக்குத் தெறிக்கவிடும். முட்டியில் பட்டாலும் பட்டதுதான், அவன் தொட்டதாகத்தான் கணக்கு. இதற்கு 'முட்டியடி' என்று பெயர். வேறெங்கே பாஸ்கெட்பால் ஆடுகிறவனிடம் சொன்னாலும் நம்ப மாட்டான்.

யார் கை என்று தகராறு வந்தால், அதில் சம்பந்தப்படாதவர்களில் பந்துக்கு மிக அருகில் நின்றவன் படியிறங்கி, குளத்துத் தண்ணீரைத் தொட்டுச் சொல்ல வேண்டும். அவன் எந்த டீமாக இருந்தாலும் சரி. தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு ஒருத்தனும் பொய் சொல்ல மாட்டான் என்பது நம்பிக்கை. "ஏழு வருஷமா ஒருத்தன் பொய் சொன்னதில்லை. ஹைக்கோர்ட்டுல உண்டா இப்படி?" என்று பட்டாபி மாமா கல்யாண வீடுகளில்கூடப் பெருமையடிப்பார்.

இன்றைக்கு நடந்தது இந்த வருஷத்துக் கடைசி ஆட்டம். எங்கள் சாலை டீமும் மில் டீமும். ஜெயிக்கிறவர்கள் முதல் டிவிஷனுக்குப் போகலாம். நாங்கள் இரண்டு பாயிண்ட் முன்னால் இருந்தோம். மழை பெய்து விட்டிருந்தது, தரை வழுக்கியது. பந்து குளத்துப் பக்கமாக உருண்டது. நான் பாய்ந்தேன், வழுக்கி விழுந்தேன். தலையைத் தூக்கிப் பார்க்கும்போது அண்ணாவின் உள்ளங்கை பந்தை ஓங்கி அடிக்கிறது. சிவதாணு அண்ணாச்சியின் முழங்காலைக் குறிவைத்த அடி. அவர் காலை அகற்றிவிட்டார். இரண்டு கால்களுக்கும் நடுவில் போய், வலையின் ஓட்டை வழியாகப் பந்து குளத்தில் விழுந்தது. அவர்மேல் நூலளவுகூடப் படவில்லை. பந்து தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே அண்ணா, "சிவதாணு தொட்டான்!" என்று கத்திவிட்டான்.

பந்தை எடுக்கவும் ஆளில்லை. எங்கள் டீம் தாசையன் நன்றாக நீந்துவான். "நான் போய் எடுத்துட்டு வரட்டா?" என்று சட்டையைக் கழற்றினான். கோவில்காரர் ஒருவர் பதறிப்போய்த் தடுத்தார். "வேதக்காரன் நீயும் எறங்கினா ரெண்டு புண்யாகம் பண்ணணும்டா!"

"அப்போ பந்துக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டோம்னு நெனச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தாசையன் சட்டையை மாட்டிக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான், தமிழ்க்காரர்களைத் திட்டுகிற அந்த வார்த்தை எழும்பியது. முதலில் ஒருத்தன், பிறகு பத்துப் பேர். "பாண்டி! பாண்டிதான் குளத்தைக் கெடுத்தான்!" இரண்டு வருஷத்துக்கு முன்னால், தெற்கே தமிழ்ப் போராட்டக்காரர்களைப் போலீஸ் சுட்ட வருஷம், இதே திடலில் இந்தக் கூச்சல் கேட்டது. அப்போது பாதி சீசன் நின்றுபோனது. சிவதாணு அண்ணாச்சிக்கு ஊர் பூதப்பாண்டி. வருகிற ஒன்றாம் தேதி முதல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் மதராஸோடு போகின்றன. அந்த ஊர்க்காரர்கள் எத்தனை வருஷமாக அதற்காகப் போராடினார்கள் என்பது எனக்குத் தெரியும். அது வேறு விஷயம். ஆனால் அவர் இந்தக் கோர்ட்டில் லீக் தொடங்கிய வருஷத்திலிருந்து ஆடுகிறார். போன வாரம்வரை அவர் எம்பிப் பந்தைப் போட்டால் இதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

கூட்டம் கலைந்ததும் நானும் அவரும் சாலைக் கம்போளத்துக்கு நடந்தே போனோம். அவர் பனியன் தோளில் கிழிந்து தொங்கியது. வழியெல்லாம் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

"எல பட்டரே, நான் காலை அகத்தினதைப் பார்த்தேல்லா?"

"பார்த்தேன் அண்ணாச்சி."

"அழகா இருந்துல்லா? இந்த முப்பது வயசுல எவன் அம்புட்டு வெரசாக் காலை எடுப்பான்?"

அந்த நிலைமையிலும் அவருக்கு அதுதான் பெரிதாக இருந்தது.

மண்டியின் பின்வாசலில் திரவியம் பிள்ளை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களுக்கு முன்னாலேயே செய்தி அவரிடம் போய்விட்டது. அவரும் நாஞ்சில்நாட்டுக்காரர்தான், சுசீந்திரம் பக்கம். சிவதாணு அண்ணாச்சியை இங்கே கூட்டிக்கொண்டு வந்ததே அவர்தான்.

"தொட்டியாலே?" என்றார்.

"இல்லை."

"தொடல்லேன்னா நல்லது. நாளைக்குப் பட்டாபி சாமி உன் பேரைச் சொல்லிட்டாருன்னா, நீ கடைக்கு வராண்டாம், கேட்டியா? கொளத்தைக் கெடுத்தவன் என் தராசுல நிக்கான்னா, கோயிலுக்கு மொளகாய் என் மண்டியில இருந்து எப்பிடிப் போகும்?"

"நான் என்ன கொலையா செஞ்சேன்?"

"கொலை செஞ்சா வக்கீல் வைக்கலாம். இதுக்கு எவனை வைக்க?"

நான் குறுக்கே விழுந்து, "நான் பார்த்தேன் பிள்ளைவாள். நாளைக்குத் தண்ணியைத் தொட்டுச் சொல்லப் போறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "ஓஹோ" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். ஏன் அப்படிப் பார்த்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

கிடங்குக்குப் பின்னால் ஒற்றை அறையில்தான் சிவதாணு அண்ணாச்சியும் அவர் சம்சாரம் உலகம்மையும் இருக்கிறார்கள். அந்த அக்கா மாசமாக இருக்கிறாள். எனக்கு வாசலில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள்.

"சாமி, நெசமாட்டும் சொல்லுவேளா? சொந்த அண்ணன்லா?"

"சொல்லுவேன் அக்கா."

"இப்பச் சொல்லுவேள். வீட்டுக்குப் போயி அம்மை கையால ஒரு வாய் சோறு தின்ன பொறவும் சொல்லுவேளா?"

"சும்மா கெட பிள்ளே. அவன் சொல்லுவான்" என்றார் அண்ணாச்சி. கிழிந்த பனியனைக் கழற்றி அவளிடம் தைக்கக் கொடுத்தார். பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியம் மாதிரி சொன்னார். "மொத டிவிஷன்ல சிமெண்ட் தரைலா. பந்தைத் தட்டினா தட்டின எடத்துல நேரா எழும்புமாம். இங்க மாதிரி குழியில விழுந்து கோணிக்கிட்டு ஓடாதாம். ஒரு சீசன். ஒரே ஒரு சீசன் அதுல ஆடிட்டேன்னா போதும். பொறவு மூட்டை சொமந்தாலும் கவலையில்லை."

"ஆடுவேள் அண்ணாச்சி" என்றேன். வேறு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்தபோது இலை போட்டிருந்தது. அம்மா லலிதாம்பாள் யார் முகத்தையும் பார்க்காமல் பரிமாறினாள். அப்பா ஒரு பருக்கை தொடவில்லை. அப்பாவுக்குக் கோவில் மடைப்பள்ளியில் வேலை. அந்தக் குளத்தில் முங்கிவிட்டுத்தான் தினமும் உலை வைப்பார். அவர் பெற்ற பிள்ளையின் கை குளத்தைக் கெடுத்தது என்று தீர்ப்பானால், நாளையிலிருந்து மடைப்பள்ளிக்குள் அவரை விடமாட்டார்கள். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"தொட்டது யார்ங்கறது பகவானுக்குத் தெரியும். நடுவில நீ எதுக்கு?" என்றார் அப்பா.

"பகவான் படியிறங்கி வந்து சொல்ல மாட்டார் அப்பா. பக்கத்துல நின்னது நான்தான்."

"வாய்! போரும், வாயை மூடு."

"என்னைக் கேட்டா, சொன்னேன். பிடிக்கலேன்னா கேட்டிருக்கப்படாது."

அம்மா கரண்டியை வைத்துவிட்டாள். "யாரோ ஒரு பாண்டிக்காரனுக்காக உடன்பிறந்தவனைக் காட்டிக் குடுப்பியோடா? ஒண்ணாம் தேதியோட அவா வேற ராஜ்யம். அவன் போறவன். நாம இங்க இருக்கறவா."

எனக்கு அங்கேதான் ரத்தம் கொதித்தது.

"நாம யாரும்மா? கல்லிடைக்குறிச்சிலேர்ந்து வந்தவா. கல்லிடைக்குறிச்சி என்னிக்குத் திருவிதாங்கூர்ல இருந்தது? பூதப்பாண்டியாவது இருந்தது. ராஜா அவாளுக்குத்தான் முதல்ல ராஜா, நமக்கில்லை. திடல்ல கத்தறானே, அவன் நம்மளையும் பாண்டிப் பட்டர்னுதானே சொல்றான்!"

"அவா தெரியாம சொல்றா" என்றாள் அம்மா.

"நீ தெரிஞ்சு சொல்றாய்!"

அப்பா எழுந்துவிட்டார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவிக்கொண்டு, "என் உலையை அணைச்சுடாதேடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். என் அப்பா என்னிடம் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அவர் உலையை நானா அணைத்தேன்? பந்தை அடித்தவன் எனக்கு எதிரே உட்கார்ந்து மோர் சாதம் பிசைந்துகொண்டிருக்கிறான். அவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லோரும் என்னிடம்தான் வருகிறார்கள். ஏன், நான்தான் உண்மை பேசக்கூடியவன் என்று பயமா?

அண்ணா கை கழுவக் கிணற்றடிக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"தொட்டாயா இல்லையா? எனக்கு மட்டும் சொல்லு."

"தொட்டேன்" என்றான். மறைக்கவே இல்லை. "முட்டியில பட வேண்டியது. கடன்காரன், காலை எடுத்துட்டான். இந்தக் கோர்ட்டுல முட்டியடி அடிக்காதவன் யாருடா? அவன் அடிச்சதில்லையா? பட்டிருந்தா நீ இப்படிக் குதிப்பியா?"

"படலையே. படலேன்னா உன் கைதானே?"

"என் கைதான். இப்போ என்னங்கறாய்? ஜெயிச்சா மில்லுல பெர்மனெண்ட் பண்றேன்னிருக்கா. தோத்தா வெளியில. ஆயுசுக்கும் ஆட முடியாதவனுக்கு மில்லுல என்ன வேலை? விஜயத்துக்கு ஜாதகம் எடுத்திருக்கா, தெரியுமோல்லியோ?"

விஜயம் எங்கள் அக்கா. தெரியும். எல்லாம் தெரியும்.

"அப்போ அவருக்கு? அந்த அக்கா மாசமா இருக்கா."

அண்ணா கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உனக்கு ஒண்ணு சொல்றேன். வெளியில மூச்சு விடாதே. அவன் எப்படியும் போனான்டா. கமிட்டி தீர்மானம் போட்டாச்சு. தெற்கு நாலு தாலுகாக்காரா அடுத்த சீசன்லேர்ந்து இந்த ஊர் லீக்குல ஆடப்படாது. முதல் டிவிஷன்லயும் கிடையாது, ரெண்டாம் டிவிஷன்லயும் கிடையாது. வேற ராஜ்யத்துக்காரா. பட்டாபி மாமா எங்கிட்ட நவராத்திரிக்கு முன்னாடியே சொல்லிட்டார்."

"திரவியம் பிள்ளை ஒத்துக்க மாட்டார்" என்றேன். "அவரும் அந்த ஊர்தான்."

"கமிட்டியில அவரும் உண்டே. கையைத் தூக்கினார்."

"பொய்."

"மாமாவையே கேளு. வேண்டாம்னு சொன்னா, நீரும் அந்தப் பக்கம்தானோ பிள்ளைவாள்னு கேட்பாளோன்னோ? அவருக்கு மண்டி இங்க இருக்கு. மனுஷன் புத்திசாலி."

புத்திசாலி! பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "தொட்டியாலே?" என்று கேட்ட மனுஷன். தொட்டாலும் தொடாவிட்டாலும் அனுப்பத்தான் போகிறார் என்று தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறார். தீர்ப்பு எதிராக வந்தால் அவர் அனுப்பியதாக ஆகாது, குளம் அனுப்பியதாக ஆகிவிடும். நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றதும் அந்தப் பார்வை பார்த்தாரே, அது இதற்குத்தான். நான் சொல்லிவிட்டால் அவரே தன் வாயால் அனுப்ப வேண்டியிருக்கும்.

பட்டாபி மாமாவுக்கு லீக் ரகளையில்லாமல் பிழைக்கும். மில்லுக்கு முதல் டிவிஷன். அண்ணாவுக்குப் பெர்மனெண்ட். அப்பாவுக்கு உலை. போகிறவன்தானே, போகும்போது இந்த அசுத்தத்தையும் தலையில் சுமந்துகொண்டு போகட்டும். யாருக்கும் ஒரு நஷ்டமில்லை. இவ்வளவு அழகாக இவர்கள் எந்த ஆட்டத்தையும் ஆடி நான் பார்த்ததில்லை.

"இப்போ சொல்லு" என்றான் அண்ணா. "நீ உண்மையைச் சொன்னா அவனுக்கு என்னடா திரும்பக் கிடைக்கும்? ஒண்ணும் கிடையாது. எங்களுக்குத்தான் போகும்."

"பேர் கிடைக்கும். குளத்தைக் கெடுத்தவன்னு பேர் இல்லாம போவார்."

"பேர் பூதப்பாண்டி வரைக்கும் பஸ்ஸேறிப் போகுமாடா?"

"போகும்" என்றேன். "நீ ஒரு பேர் போட்டு அனுப்பறாயே, அது மட்டும் போகுமோ?"

அவன் வாளியில் இருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டான். ஒரு விஷயம் சொல்கிறேன், அவன்மேல் எனக்கு இருக்கிற கோபம் பாதிதான். அவன் செய்தது ஒரு நிமிஷத்துக் காரியம், பயந்துபோய்க் கத்தினான். மற்றவர்கள் பயந்து செய்யவில்லை. நவராத்திரிக்கு முன்னால், காப்பி குடித்துக்கொண்டு, உட்கார்ந்து பேசிச் செய்தார்கள். தீர்மானம் போட்ட பிறகும் அவரை ஆட விட்டார்கள், ஏனென்றால் அவர் ஆடினால் கூட்டம் வரும்.

காலையில் புண்யாகம் ஆனதும் என்னைக் கூப்பிடுவார்கள். மாமா இருப்பார், கோவில்காரர்கள் இருப்பார்கள், திரவியம் பிள்ளையும் வருவார். அப்பா வருவாரா, தெரியவில்லை. வந்தால் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஆனாலும் சொல்வேன். தண்ணீரில் கையை வைத்து, என் அண்ணா பெயரைச் சொல்வேன். நான் இந்த வீட்டுக்குள் திரும்பி வர முடியுமா என்று தெரியாது. அதைப் பற்றி யோசிக்காமல் இருக்கிறேன்.

என்னை உறுத்துகிறது அது இல்லை. சிவதாணு அண்ணாச்சியும் வருவார். தைத்த பனியனைப் போட்டுக்கொண்டு, உலகம்மை அக்காவையும் கூட்டிக்கொண்டு வருவார். நான் சொல்லி முடித்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம்தான் ஓடி வருவார். எல்லாம் சரியாகிவிட்டது, இனிமேல் சிமெண்ட் தரைதான் என்று நினைத்துக்கொண்டு வருவார். தீர்மானம் போட்டவர்கள் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவரைக் கூட்டிக்கொண்டு வந்த முதலாளி வேறு பக்கம் பார்ப்பார்.

அப்போது, அத்தனை பேருக்கு நடுவில், அந்த மனுஷனிடம் மற்ற உண்மையையும் நான்தான் சொல்ல வேண்டுமா?